ஓடை இடிக்கும் களிமண்

ஜப்பானின் கியூஷு தீவில், ஒயிட்டா மாவட்டத்து ஹிடா நகரைச் சேர்ந்த மலைப் பள்ளத்தாக்கில், ஒன்டா என்னும் சிற்றூர் உள்ளது. அங்கு 1705-ஆம் ஆண்டு முதல் மண்பாண்டம் வனைகின்றனர். ஊரை நெருங்கும்போதே உலக்கை ஓசை நம் காதில் விழுந்தது. ஆனால் இடிப்பார் ஒருவரையும் காணோம்!

இடிப்பது ஓடை நீரே. நமது ஏற்றம் போல நடுவில் அச்சில் நிற்கும் பெருமரம். அதன் ஒரு முனையில் குடைந்த தொட்டி, மறுமுனையில் உலக்கை. தொட்டி நிறைந்தால் உலக்கை உயரும். நீர் வடிந்தால் கீழே விழுந்து, கல் போன்ற மலைமண்ணைப் பொடியாக்கும். இரவு பகலாக, வாரக்கணக்கில் இவ்வேலை நடைபெறுகிறது.

இயந்திரம் வைத்தால் விரைவில் முடியுமே என்றுதான் முதலில் நாமும் எண்ணினோம். ஆயின் ஓடை இடித்துத் தரும் மண்ணே ஒரு குடும்பம் வனையக்கூடிய அளவு. ஆகவே ஒருவர் மிகுதியாக வனைந்து அண்டை வீட்டாரின் பிழைப்பைக் கெடுக்க வழியில்லை. மண்ணையும் கூடி வெட்டிப் பங்கிட்டுக்கொள்கின்றனர். மலைச்சரிவில் அறை அறையாக ஏறும் சூளை ஒன்று சில குடும்பங்களுக்குப் பொது. பாண்டங்களில் எவரும் தம் பெயரைப் பொறிப்பதில்லை. ஊரின் பெயரே விலைபோகிறது.

கூலிக்கு வெளியாரை அமர்த்துவதில்லை. வீட்டுக்கு ஒரு பிள்ளைக்கே தொழில். ஏனையோர் வேறு பிழைப்புத் தேட வேண்டியதுதான். இது நமக்குச் சற்றுக் கடுமையாகவே பட்டது.

1995-இல் ஜப்பானிய அரசாங்கம் இத்தொழில்முறையை நாட்டின் பண்பாட்டுச் செல்வமாக அறிவித்தது. 2017 ஜூலையில் பெருவெள்ளம் உலக்கைகளைச் சிதைத்தபோது, அவ்வூரார் அவற்றைச் செப்பனிட்டு மீண்டும் அதே ஓடையில் நிறுத்தினர்.