இரு தீவுகளும் இடைத்தூரமும்

தூரம் அளவுகோலால் அளக்கப்படுவது; பயணமோ காலத்தால் அளக்கப்படுவது. இவ்விரண்டும் ஒன்றல்ல என்பதற்குத் தென் அத்திலாந்திக் சமுத்திரத்திலுள்ள சென் ஹெலினா, அசென்சன் என்னும் இரு தீவுகள் தக்க சான்றாகும்.

நெப்போலியன் 1815ஆம் ஆண்டில் சிறைவைக்கப்பட்டு, 1821இல் உயிர்நீத்த தீவு சென் ஹெலினா. அவனை மீட்க எவரேனும் வரக்கூடுமென அஞ்சிய பிரித்தானியர், வடமேற்கே ஆளற்றுக் கிடந்த அசென்சனிலும் அதே ஆண்டில் காவற்படையை நிறுத்தினர். இன்று சென் ஹெலினா மக்கள் பலர் அசென்சனில் தொழில் புரிகின்றனர். அங்கு நிரந்தரமாகக் குடியிருக்கும் உரிமை எவருக்கும் இல்லை. ஆதலின் இடைத்தூரம் அவர்களுக்கு வெறும் புவியியற் கணக்கன்று. குடும்பத்தைப் பிரித்துவைக்கும் தூரமாகும்.

அதனைக் கணித்தல் எளிது. அசென்சன், சென் ஹெலினாவுக்கு வடக்கே 8 பாகையும் மேற்கே ஏறத்தாழ 8.7 பாகையும் தள்ளியுள்ளது. அகலக்கோட்டின் ஒரு பாகை சுமார் 111 கிலோமீற்றர். அப்பகுதியில் நெடுங்கோட்டின் ஒரு பாகை சுமார் 108 கிலோமீற்றர். எனவே வடக்கு நோக்கி 890, மேற்கு நோக்கி 940 கிலோமீற்றர் என்றாகும். இவற்றை இரு பக்கங்களாகக் கொண்ட செங்கோண முக்கோணத்தின் செம்பக்கமே இடைத்தூரம். அது சுமார் 1,300 கிலோமீற்றர்.

மணிக்கு 28 கிலோமீற்றர் செல்லும் கப்பலுக்கு இத்தூரத்தைக் கடக்க ஏறத்தாழ இரண்டு நாள் வேண்டும். மணிக்கு 800 கிலோமீற்றர் பறக்கும் விமானத்துக்கோ, ஏறவும் இறங்கவும் ஆகும் நேரத்தையும் சேர்த்து, இரண்டு மணி நேரம் போதும்.

ஆயினும் அந்த வசதி எளிதில் கிட்டவில்லை. அசென்சனில் 1942இலேயே அமெரிக்கர் விமான ஓடுபாதை அமைத்தனர். சென் ஹெலினா மக்களோ மேலும் எழுபத்தைந்து ஆண்டுகள் கப்பலையே நம்பியிருந்தனர். அங்கு விமானத்தளம் அமைந்த இடம் கடலிலிருந்து சுமார் 300 மீற்றர் உயர்ந்த மேட்டுநிலம். தென்கீழ்த் திசையிலிருந்து வீசும் வியாபாரக் காற்று செங்குத்துப் பாறையில் மோதி மேலெழுந்து, சிறிது தூரத்துக்குள்ளேயே வேகமும் திசையும் மாறும். 1836இல் இத்தீவுக்கு வந்த சார்ள்ஸ் டார்வின், பாறை விளிம்பில் தாம் நின்ற இடம் அமைதியாயிருக்க, சில அடிகளுக்கு அப்பால் கடற்பறவைகள் கடுங்காற்றோடு போராடியதைக் கண்டு வியந்து எழுதினார். அதே காற்றுத்தான் 2016இல் விமான சேவையைத் தாமதப்படுத்தியது. காற்றின் போக்கை ஆராய்ந்து, அதற்கேற்ற விமானத்தைத் தேர்ந்த பின்னரே, 2017 ஒக்டோபர் 14இல் ஜொகன்னஸ்பேர்க்கிலிருந்து முதலாவது ஒழுங்கான பயணிகள் விமானம் வந்திறங்கியது. அவ்வாண்டின் இறுதியில் அசென்சனுக்கும் மாதம் ஒருமுறை விமானம் செல்லத் தொடங்கியது.

இங்கேதான் கணக்கின் மறுபக்கம் புலப்படும். மாதமொருமுறை செல்லும் விமானத்தைத் தவறவிட்டவருக்கு, இரண்டு மணி நேரப் பயணம் ஒரு மாதப் பயணமாகிவிடும். பறக்கும் நேரத்தோடு காத்திருக்கும் நேரத்தையும் கூட்டினாலன்றோ பயணக்காலம் முழுமையாகும்? தொலைதூரத் தீவுகளை அண்மைப்படுத்துவது விமானத்தின் வேகம் மாத்திரமன்று; அது எத்தனை முறை வருகிறது என்பதுமாகும்.