சக்கரம் பொருந்துமா?

மரக்காணம் என்றதும் நம் நினைவுக்கு வருவது உப்பு. சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரிக்குச் செல்வோர், விழுப்புரம் மாவட்டத்திலுள்ள இவ்வூரை நெருங்கும்போது பாத்தி பாத்தியாக உப்பளங்களைக் காணலாம். பலருக்கு வாழ்வளிக்கும் இந்த உப்பு, அவ்வழியே ஓடும் கார்களின் சக்கரங்களுக்கு மட்டும் பகையாக அமைகிறது. எப்படி?

‘அலாய் வீல்’ எனப்படும் சக்கரம் பெரும்பாலும் அலுமினியக் கலவையால் ஆனது. காற்றுப் பட்டதும் அலுமினியத்தின் மேல் மெல்லிய ஆக்சைடுப் படலம் உண்டாகி, அதைக் காக்கிறது. உப்பிலுள்ள குளோரைடு அயனிகள் இப்படலத்தைத் துளைத்து உலோகத்தில் சிறு குழிகளை ஏற்படுத்துகின்றன. டயரின் விளிம்பு பதியும் இடத்தில் இப்படிக் குழி விழுந்தால், காற்று மெல்ல மெல்லக் கசியும்.

இன்னொரு வகையிலும் கேடு வருகிறது. அலுமினியச் சக்கரம் ‘ஹப்’ என்னும் இரும்பு உறுப்பின் மேல் அமர்கிறது. இரு வேறு உலோகங்கள், இடையே உப்பு நீர்: இது ஒரு சிறு மின்கலம் அல்லவா? இதில் கரைந்து தேய்வது அலுமினியமே.

ஆக, கடலோரத்தில் ஓடும் காருக்குச் சக்கரம் மாற்ற வேண்டிய நாள் சற்று முன்னதாகவே வந்துவிடலாம். அது ஸ்போர்ட்ஸ் கார் என்றால் கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். அதன் வேகம் அதிகம். சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் இடையே உள்ள இடைவெளியோ குறைவு. கடையில் பளபளக்கும் சக்கரம் அழகாக இருந்தால் மட்டும் போதாது. பொருத்தத்தைக் கண் சொல்லாது, அளவுகளே சொல்லும். அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

போல்ட் வட்டம்

சக்கரத்தை ஹப்புடன் இணைக்கும் போல்ட்டுகளின் மையங்கள் வழியாக ஒரு வட்டம் வரைவதாகக் கொள்ளுங்கள். அதன் விட்டத்தை மெக்கானிக்குகள் ‘பி.சி.டி.’ என்பார்கள். 1989-இல் ஜப்பானின் மாஸ்டா நிறுவனம் வெளியிட்ட எம்.எக்ஸ்-5 என்ற இருவர் அமரும் ஸ்போர்ட்ஸ் காரில் 4 போல்ட்டுகள். வட்டத்தின் விட்டம் 100 மி.மீ. இத்தாலியின் ஃபியட் கார்கள் பலவற்றிலும் 4 போல்ட்டுகள்தாம். ஆனால் விட்டம் 98 மி.மீ.

ஆரத்தில் 1 மி.மீ. தானே வேறுபாடு என்று எண்ணக் கூடாது. வலிந்து முடுக்கினால் நட்டு ஏறிவிடும். ஆனால் தன் இருக்கையில் சரியாக அமராது. போல்ட் சற்றே வளைந்து நிற்கும். ஓடும்போது ஏற்படும் அதிர்வில் நட்டு தளரும். அல்லது போல்ட் களைப்புற்று முறியும். அப்போது சக்கரமே கழன்று ஓடிவிடலாம்.

4 போல்ட்டுகள் இருந்தால் எதிரெதிர் மையங்களின் தூரமே விட்டம். 5 இருந்தால் எதிரெதிராக எதுவும் அமையாது. அப்போது அடுத்தடுத்த இரு மையங்களின் தூரத்தை அளந்து, சைன் 36 பாகையால், அதாவது 0.588-ஆல் வகுக்க வேண்டும். தூரம் 67.2 மி.மீ. என்றால் விட்டம் ஏறத்தாழ 114.3 மி.மீ. நீங்கள் படிக்கும் திரிகோணமிதி மெக்கானிக் கடையிலும் பயன்படுவதைப் பாருங்கள்!

நடுத்துளை

சக்கரத்தின் நடுவிலுள்ள துளை, ஹப்பின் நடுவே புடைத்து நிற்கும் வளையத்தின் மேல் இறுக்கமாக அமர வேண்டும். துளை சிறிதானால் சக்கரம் ஏறாது. பெரிதானால் மையம் விலகி, வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும். பெரிய துளைக்கு ஏற்ற வளையம் ஒன்றை இடையில் செருகிச் சரிசெய்யலாம்.

ஆஃப்செட்

சக்கரத்தின் அகலத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் கோட்டிலிருந்து, ஹப்பில் படியும் முகம் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதே ஆஃப்செட். அம்முகம் வெளிப்புறமாகத் தள்ளியிருந்தால் நேர் எண். உட்புறமாகத் தள்ளியிருந்தால் எதிர் எண்.

6 அங்குல அகலமும் 45 மி.மீ. ஆஃப்செட்டும் கொண்ட சக்கரத்துக்குப் பதிலாக, 7 அங்குல அகலமும் 35 மி.மீ. ஆஃப்செட்டும் கொண்டதைப் பொருத்துவதாகக் கொள்வோம். கூடிய 1 அங்குலத்தில் பக்கத்துக்குப் பாதி, அதாவது 12.7 மி.மீ. ஆஃப்செட் குறைந்ததால் சக்கரம் மேலும் 10 மி.மீ. வெளியே நகர்கிறது. எனவே வெளிப்பக்கம் 22.7 மி.மீ. நீளும், உட்பக்கமோ 2.7 மி.மீ. மட்டுமே. வளைவில் திரும்பும்போது டயர் மட்கார்டில் உரசலாம். பேரிங்கின் மேல் விழும் திருகுவிசையும் மாறும்.

மொத்த விட்டம்

டயரின் மேல் ‘185/60 ஆர் 14’ என்று இருந்தால், அகலம் 185 மி.மீ.; பக்கச் சுவரின் உயரம் அதில் 60 சதவீதம், அதாவது 111 மி.மீ.; ரிம்மின் விட்டம் 14 அங்குலம், அதாவது 355.6 மி.மீ. மேலும் கீழும் இரு சுவர்கள் உள்ளதால் மொத்த விட்டம் 355.6 + 222 = 577.6 மி.மீ.

எம்.எக்ஸ்-5 முதலில் இந்த அளவு டயருடன் வந்தது. பின்னாளில் ‘195/50 ஆர் 15’ டயரும் அதற்கு வந்தது. அதன் விட்டத்தைக் கணக்கிட்டால் 576 மி.மீ. ரிம் பெரிதாயிற்று, சுவர் குட்டையாயிற்று. மொத்த விட்டம் மட்டும் ஏறக்குறைய மாறவில்லை. இதுவே சரியான மாற்றம்.

மாறாக, அதே காருக்கு ‘205/55 ஆர் 16’ டயரைப் பூட்டினால் விட்டம் 631.9 மி.மீ. ஆகிவிடும். வேகமானி சுற்றுகளைத்தான் எண்ணுகிறது. அது 60 கி.மீ. என்று காட்டும்போது கார் 65 கி.மீ.க்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும்!

பாரமும் உப்பும்

கூடுதல் பாரம் ஏற்கும் அச்சுக்கு அனுமதிக்கப்பட்ட எடையில் பாதியையேனும் ஒவ்வொரு சக்கரமும் தாங்க வேண்டும். நட்டின் அடிப்பக்கம் கூம்பா, கோளமா என்பதும் சக்கரத்தின் துளையோடு ஒத்துப்போக வேண்டும். உள்ளே பிரேக் உறுப்புகள் இடிக்காமல் இடமும் வேண்டும்.

மரக்காணம் போன்ற இடங்களில் இவற்றோடு ஒரு கேள்வி சேர்கிறது: பூச்சு உறுதியானதா? பந்தயக் கார்களுக்கு உகந்த மக்னீசியச் சக்கரம் மிக இலேசானது. ஆனால் உப்புக் காற்றில் அலுமினியத்தைவிட விரைவாக அரிபடும். எந்தச் சக்கரமானாலும் நன்னீரால் அடிக்கடி கழுவுவதும், பூச்சில் கீறல் விழுந்தால் உடனே மூடுவதும் நல்லது. பொருத்துமுன் ஹப்பின் முகத்திலுள்ள துருவைச் சுரண்டி எடுக்க வேண்டும். துரு இடையில் இருந்தால் சக்கரம் சமமாகப் படியாது. நட்டுகளை எதிரெதிராக, குறித்த அளவு விசையில் முடுக்கி, 100 கி.மீ. ஓட்டுவதற்குள் மறுபடியும் சரிபார்க்க வேண்டும்.

நீங்களே செய்து பாருங்கள்

வீட்டிலோ தெருவிலோ நிற்கும் ஒரு காரின் டயரில் உள்ள எண்களைக் குறித்து, மொத்த விட்டத்தைக் கணக்கிடுங்கள். பின்பு பெரியவர்கள் துணையுடன், டயரில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடிட்டு, சமதரையில் காரை ஒரு சுற்று மட்டும் தள்ளச் செய்து, அது நகர்ந்த தூரத்தை அளந்து 3.14-ஆல் வகுங்கள். விடை, கணக்கிட்ட விட்டத்தைவிடச் சற்றுக் குறைவாக இருக்கும். காரின் பாரத்தால் டயர் தரையில் கொஞ்சம் அமுங்குவதே காரணம். டயரில் காற்றைக் குறைத்தால் விடை எப்படி மாறும்? யோசித்துப் பாருங்கள்.