கூரையில்லாக் கொட்டகைகள்

ஈப்போ நகரில் ரெக்ஸ், கேத்தே, லீடோ, ஓடியன் என்னும் பெயர்களைச் சொன்னால், அறுபது வயதைக் கடந்தவர்கள் அவை நின்ற தெருவைக் கைகாட்டுவர். ஈயத்தால் செழித்த அந்நகரத்தின் பழைய படக் கொட்டகைகள் மூடப்பட்டன. படக்காட்சி வணிக வளாகங்களுக்குள் புகுந்துவிட்டது. அக்கொட்டகைகளின் வரலாற்றை எழுதுவோருக்குக் கட்டடம் உண்டு, நிழற்படம் உண்டு, பழைய நாளிதழ் விளம்பரம் உண்டு. ஆனால் பேராக் மாநிலத்து ரப்பர் தோட்டங்களில் வளர்ந்த தமிழர் பலர் முதன்முதலில் படம் பார்த்த இடம் இவற்றுள் ஒன்றன்று. அது தோட்டத்துத் திடல். அதற்குச் சுவருமில்லை, கூரையுமில்லை, பெயர்ப்பலகையுமில்லை. ஆகவே அது மூடப்பட்ட நாளையும் எவரும் குறித்து வைக்கவில்லை.

கொட்டகை என்ற சொல்லுக்கே கூரை வேண்டும். தமிழகத்தில் சாமிக்கண்ணு வின்சென்ட் 1905ஆம் ஆண்டில் கூடாரமடித்துப் படம் காட்டத் தொடங்கியபோதும், பின்னர் ஊர்தோறும் 'டூரிங் டாக்கீசு' வந்தபோதும், தலைக்கு மேல் துணியோ கீற்றோ இருந்தது. வாயிலில் நுழைவுச்சீட்டும் இருந்தது. உரிமம் இன்றி அவை நடத்தலாகாது. எனவே அரசாங்க ஏட்டில் அவற்றின் தடம் பதிந்தது. மலாயாத் தோட்டத்துப் படமோ தனியார் நிலத்தில், சீட்டில்லாமல், திறந்த வெளியில் நடந்தது. மலாய்க்காரர் இதற்கு 'வாயாங் பாச்சாக்' என்று பொருத்தமாகப் பெயரிட்டனர். வாயாங் என்பது நிழற்கூத்து. பாச்சாக் என்பது நிலத்தில் நடுதல். கம்பு நட்டுக் காட்டும் கூத்து என்று பொருள் கொள்ளலாம். தோட்டத் தமிழர் தனிப்பெயர் தேடாமல் 'படம் போடுகிறார்கள்' என்றே சொல்லிவந்தனர்.

பேராக்குக்கும் ரப்பருக்கும் உள்ள உறவு பழையது. 1877ஆம் ஆண்டில் வந்த ரப்பர்க் கன்றுகளைக் கோலகங்சாரில் ஹியூ லோ நடச் செய்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காடுகள் தோட்டங்களாயின. கங்காணிகள் தமிழகத்திலிருந்து ஆள் திரட்டி வந்தனர். 1938இல் இந்திய அரசாங்கம் அவ்வாறு ஆளனுப்புவதைத் தடுக்கும்வரை இது நடந்தது. சுங்கை சிப்புட், கோலகங்சார், தாப்பா, தெலுக் ஆன்சன் (இன்றைய தெலுக் இந்தான்) ஆகிய ஊர்களைச் சுற்றிப் பரந்த தோட்டங்களில் லயங்கள் எழுந்தன. நகரம் பல கட்டைத் தொலைவில் இருந்தது. மைலைக் கட்டை என்பதே மலாயாத் தமிழ் வழக்கு. அந்தியில் லயத்து மக்களுக்கிருந்த கலை, அவர்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த கூத்தும் காமன் பண்டிகை ஆட்டமும் பஜனையுமே. பின்னாளில் திரை நடப்பட்டதும் கூத்து நடந்த அதே திடலில்தான். விடிய விடியக் கூத்துப் பார்த்துப் பழகிய கூட்டத்திற்கு மூன்று மணி நேரப் படம் நீளமாகத் தோன்றியிராது.

1931இல் 'காளிதாஸ்' வெளிவந்து தமிழ் பேசும் படம் பிறந்தது. அக்காலத்தில் மலாயாவில் ஷா சகோதரர் நிறுவனம் பரவிக்கொண்டிருந்தது. பின்னாளில் கேத்தே என்று பெயர் பெற்ற நிறுவனத்தின் முன்னோடி 1935இல் தோன்றியது. நகரத்துக் கொட்டகைகள் பெரும்பாலும் இவ்விரு நிறுவனங்களின் வழியே வளர்ந்தன. தோட்டத்தார் அங்கே செல்வது தீபாவளிக்கோ, சம்பளம் வாங்கிய கையோடோ, லாரியேறிச் செல்லும் அருமையான பயணம். போர்க்காலத்தில் ஜப்பானியர் ஆட்சியின்போது சென்னையிலிருந்து புதுப்படம் வரும் வழியே அடைபட்டது.

தோட்டத்துக்குப் படத்தைக் கொண்டுவந்தது 16 மில்லிமீட்டர்ப் படச்சுருள். இதைச் சற்று விளக்க வேண்டும். கொட்டகையில் ஓடியது 35 மில்லிமீட்டர்ச் சுருள். அதன் பொறி கனமானது. பழைய நைட்ரேட்டுச் சுருளோ எளிதில் தீப்பற்றக்கூடியது. 16 மில்லிமீட்டர்ச் சுருள் தீப்பற்றாத வகையைச் சேர்ந்தது. பொறியை ஒருவர் தூக்கிச் செல்லலாம். சிறு மின்னாக்கி ஒன்றிருந்தால் காட்டின் நடுவிலும் ஓட்டலாம். இரண்டாம் உலகப்போரில் படைகள் இதைப் பெரிதும் பயன்படுத்தியமையால், போருக்குப்பின் இவ்வகைப் பொறி எங்கும் பரவியது. 1600 அடிச் சுருள் ஒன்று ஏறத்தாழ 44 நிமிடம் ஓடும். மூன்று மணி நேரத் தமிழ்ப்படத்திற்கு நான்கு அல்லது ஐந்து சுருள் வேண்டும். கொட்டகையில் இரு பொறிகள் இருந்தமையால் சுருள் மாறுவது தெரியாது. திடலில் ஒரே பொறி. எனவே சுருள் தீரும்போதெல்லாம் திரை இருளும். கச்சான் விற்பவருக்கு அதுவே வாணிப நேரம். முதியோரிடம் கதையைக் கேட்டால், 'இரண்டாம் ரீலில் கலியாணம்' என்று சுருளைக் கொண்டே கணக்கிட்டுச் சொல்வதுண்டு.

திரை என்பது இரு கம்பங்களுக்கிடையே கட்டிய வெள்ளைத் துணி. ஒளி துணியை ஊடுருவுமாதலால் பின்புறத்திலிருந்தும் பார்க்கலாம். அங்கே அமர்ந்தவர்க்கு வாட்போர் வீரன் இடக்கையால் வாள் சுழற்றுவான். நடிகர் பெயர்கள் கண்ணாடியிற் கண்ட எழுத்தாய் இடவலம் மாறி நிற்கும். மழை வந்தால் படம் நின்றுவிடும். விடியலில் மழை பெய்தால் மரத்தின் பட்டை நனைந்து பால்வெட்டு நின்றுவிடும். அந்திமழை மகிழ்ச்சியைக் கெடுத்தது; காலைமழை கூலியைக் கெடுத்தது. படம் எவ்வளவு நேரம் சென்று முடிந்தாலும் மறுநாள் இருள் பிரியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுக்கும் களத்துக்கு, வந்தாக வேண்டும்.

செலவை யார் ஏற்றார் என்பது சுவையான செய்தி. சில இடங்களில் நிருவாகம் கொடுத்தது. சில இடங்களில் தொழிலாளர் தலைக்கு இவ்வளவு என்று திரட்டினர். தோட்டத்துக் கள்ளுக்கடையின் இலாபத்தில் தொழிலாளர் நலனுக்கென ஒதுக்கிய பணமும் இவ்வகைக் கேளிக்கைக்குச் சென்றது. திரையில் மதுவைத் தொடாத நாயகனாகவே எம்.ஜி.ஆர். தோன்றிவந்தார். அப்படத்தைக் கள்ளின் காசு கொண்டுவந்திருந்தால், அதைக் குறையென்று அன்று எவரும் எண்ணியதாகத் தெரியவில்லை.

1948 ஜூன் 16ஆம் நாள் சுங்கை சிப்புட்டுக்கு அருகே தோட்டங்களில் மூன்று ஐரோப்பியர் சுட்டுக் கொல்லப்பட்டதையொட்டி மலாயாவில் அவசரகாலம் பிறந்தது. அது 1960 ஜூலை 31வரை நீடித்தது. பேராக் தோட்டங்கள் பல முள்வேலிக்குள் அடங்கின. ஊரடங்கினால் இரவில் நகரத்துக்குப் போய்ப் படம் பார்ப்பது அரிதாயிற்று. அப்போது அரசாங்கச் செய்தித்துறையின் வண்டிகள் படத்தை வேலிக்குள்ளேயே கொண்டுவந்தன. 1946இல் நிறுவப்பட்ட மலாயன் பிலிம் யூனிட் எடுத்த செய்திப்படங்கள் தமிழ் விளக்கவுரையுடனும் காட்டப்பட்டன. அரசாங்கத்தின் நோக்கம் பிரசாரம். மக்களோ பிரசாரத்தைப் பொறுத்துக்கொண்டு, ஒளியையும் ஒலியையும் கூட்டத்தையும் விரும்பி வந்தனர் என்று கொள்வதே பொருத்தம்.

தமிழாசிரியர் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி வைக்கவேண்டும் என்றது. அப்பள்ளிகள் பலவற்றில் தொடக்க வகுப்புகளோடு கல்வி நின்றுவிட்டது. அதற்குமேல் நெடிய, அடுக்குமொழி நிறைந்த தமிழைத் தோட்டத்தார் செவியாரக் கேட்ட இடங்களுள் திடல் முதன்மையானது. 1952இல் வந்த 'பராசக்தி' போன்ற படங்களின் உரையாடலைப் பாடம்போல் ஒப்பித்த இளைஞர் தமிழகத்தில் மட்டும் இருந்தாரல்லர். படத்தமிழ் நல்ல தமிழா என்னும் வழக்கு வேறு. லயத்துப் பேச்சுக்கும் ஏட்டுத்தமிழுக்கும் இடையே ஒரு பாலம் அங்கே இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை.

திடல் ஒருநாளில் மூடவில்லை. 1950களில் ஐரோப்பிய முதலாளிகள் தோட்டங்களை விற்கத் தொடங்க, வாங்கியோர் அவற்றைத் துண்டாடினர். உங்கு அஸீஸ் 1951 முதல் 1960 வரை நடந்த இத்துண்டாடலை ஆராய்ந்து அறிக்கை தந்தார், துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். துண்டான தோட்டத்தில் படத்துக்குப் பணம் கொடுக்க நிருவாகமே இல்லை. 1963 டிசம்பர் 28இல் தொலைக்காட்சி வந்தது. 1969க்குப்பின் குடியுரிமை இல்லாதோர்க்கு வேலை அனுமதி கட்டாயமாக, பலர் இந்தியாவுக்குத் திரும்பினர். பின்னர் ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. வீடியோ நாடா வீட்டுக்குள் புகுந்தது. லயங்கள் காலியாகிப் புந்தோங் போன்ற ஈப்போப் புறநகர்களில் மக்கள் குடியேறினர். 1985இல் ஈயச் சந்தை வீழ, ஈப்போவின் கொட்டகைகளுக்கும் முன்போன்ற செழிப்பு இல்லாமற் போயிற்று.

நகரத்துக் கொட்டகையில் எந்நாளில் எப்படம் ஓடியது என்பதைத் 'தமிழ் நேசன்', 'தமிழ் முரசு' இதழ்களின் பழைய விளம்பரங்களிலிருந்து அறியலாம். திடலில் நடந்த படத்திற்கு விளம்பரம் கிடையாது, சொல்லியறிந்த செய்திதான். ஆனால் தோட்டம் அழிந்தும் அதன் பெயர் சில இடங்களில் அழியவில்லை. பேராக்கில் இன்றும் நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றுட் பல, தோட்டத்தின் பெயரையே தாங்கி நிற்கின்றன. அப்பள்ளி மாணவரின் பாட்டன் பாட்டியரிடம் கேட்டறிய வேண்டியவை சிலவே: திரை எத்திசை நோக்கி நின்றது, பொறியை யார் கொண்டுவந்தார், பணம் எங்கிருந்து வந்தது, பெண்கள் எப்பக்கம் அமர்ந்தனர், கடைசியாகப் போட்ட படம் எது. அவசரகால வேலிக்குள் படம் பார்த்த பிள்ளைகளுக்கு இப்போது எழுபதும் எண்பதும் கடந்துவிட்டன.