பதினோரு பாட்டு, ஒரு கொட்டகை, ஒரு கையெழுத்து: டெய்லர் ஸ்விஃப்ட்டின் முதல் ஆல்பம்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாக இருக்கட்டும் என்று சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு எபிசோடை ஒரு வாக்குமூலத்தோட ஆரம்பிக்கிறேன். டெய்லர் ஸ்விஃப்ட்டோட முதல் ஆல்பத்தை நான் ரொம்ப லேட்டாதான் கேட்டேன். "1989", "ஃபோக்லோர்" எல்லாம் மனப்பாடம். ஆனா 2006இல் வந்த அந்த முதல் ஆல்பம், அவங்க பேரையே தலைப்பாக வெச்சது, அதை மட்டும் தாண்டிப் போயிட்டே இருந்தேன். பேஞ்சோ சத்தம் கேட்டாலே ஸ்கிப். பதினாறு வயசுப் பொண்ணோட ஸ்கூல் டைரி, நமக்கு எதுக்குன்னு நினைச்சேன்.

அப்புறம் அந்த ஆல்பம் எப்படி உருவாச்சுன்னு படிக்க ஆரம்பிச்சதும் விட முடியலை. அதுல அவங்க எடுத்த ஒரு முடிவு ரொம்ப சரியா அமைஞ்சது. இன்னொரு முடிவோட விலை பதிமூணு வருஷம் கழிச்சுதான் தெரிஞ்சது. இன்னைக்கு ரெண்டையும் பேசுவோம்.

முதல்ல ஊர். டெய்லர் பிறந்து வளர்ந்தது பென்சில்வேனியாவில். கன்ட்ரி இசைக்கும் அந்த ஊருக்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. கன்ட்ரியோட தலைநகரம் டென்னஸி மாநிலத்தில் இருக்கிற நாஷ்வில். அங்கே மியூசிக் ரோ என்று ஒரு பகுதி. ரெக்கார்டு கம்பெனி, பாட்டு எழுதுறவங்க ஆபீஸ், ஸ்டூடியோ எல்லாம் வரிசையாக வீடுகள் மாதிரி இருக்கும். பதினோரு வயசில் அம்மாவோட அங்கே போனாங்க. டாலி பார்ட்டன், டிக்ஸி சிக்ஸ் பாட்டுகளைக் கரோக்கி மேல பாடிப் பதிவு பண்ணின சிடி கையில். அம்மா வண்டியை நிறுத்த நிறுத்த, இவங்க இறங்கிப் போய் ஒவ்வொரு கம்பெனி ரிசப்ஷன்லயும் ஒண்ணு கொடுத்துட்டு வந்தாங்க. யாரும் கூப்பிடலை.

அந்த ஊரில் அழகாகப் பாடுறவங்களுக்குப் பஞ்சமே இல்லை. அடுத்தவங்க பாட்டைப் பாடுற சிறுமி அங்கே ஆயிரத்தில் ஒருத்தி. இது புரிஞ்சதும் ஊருக்குத் திரும்பி, பன்னிரண்டு வயசில் கிட்டார் கத்துக்கிட்டு, சொந்தமாக எழுத ஆரம்பிச்சாங்க.

அப்புறம் ஆர்சிஏ என்கிற பெரிய லேபிள் ஒரு 'டெவலப்மென்ட் டீல்' கொடுத்தது. பேரைக் கேட்டா பெருசா இருக்கும். விஷயம் இதுதான்: ஒரு வருஷம் உனக்குக் கொஞ்சம் பணம் தர்றோம், ரெக்கார்டிங் செலவைப் பார்த்துக்கறோம், ஆனா ஆல்பம் போடுவோம்னு சத்தியம் பண்ண மாட்டோம். கல்யாணம் நிச்சயம் பண்ணாம "பொண்ணை வேற எங்கேயும் பார்த்துடாதீங்க"ன்னு சொல்ற மாதிரி. இந்த நம்பிக்கையில், டெய்லருக்குப் பதினாலு வயசு இருக்கும்போது, குடும்பமே நாஷ்வில் பக்கத்தில் இருக்கிற ஹென்டர்சன்வில்லுக்குக் குடிபெயர்ந்தது. பங்குத் தரகரான அப்பா வேலையை மாற்றல் வாங்கிக்கிட்டார்.

வருஷம் முடிஞ்சதும் லேபிள் சொன்னது: இன்னும் கொஞ்ச நாள் இப்படியே இருக்கட்டும், பதினெட்டு வயசு ஆகட்டும், பாட்டையும் மத்தவங்க எழுதினதா எடுத்துக்கலாம். டெய்லர் வெளியே வந்துட்டாங்க.

இந்த இடத்தை நான் ரெண்டு மூணு தடவை யோசிச்சுப் பார்த்தேன். பதினாலு வயசு. கையில் இருக்கிற ஒரே பெரிய லேபிளை விட்டுட்டு வர்றது. அடுத்து யாரும் காத்திருக்கலை. லேபிள் சொன்னதும் பைத்தியக்காரத்தனம் இல்லை. அன்னைக்குக் கன்ட்ரி ரேடியோ பெரியவங்களுக்கானது, டீன் ஏஜ் பசங்க அதைக் கேட்கவே மாட்டாங்கன்னுதான் வியாபாரத்தில் எல்லாரும் நினைச்சாங்க. ஆனா டெய்லரோட கணக்கு வேற. ஸ்கூல்ல நடக்குறதைப் பற்றி எழுதின பாட்டு ஸ்கூல்ல இருக்கும்போதே வரணும். இருபது வயசில் உட்கார்ந்து பதினாலு வயசைப் பாடினால் அது நினைவாக மாறிடும், இந்தச் சூடு இருக்காது. ஆல்பத்தைக் கேட்ட பிறகு, கணக்கு சரின்னுதான் எனக்குத் தோணுது.

லேபிள் போனாலும் சோனி ஏடிவி என்கிற பப்ளிஷிங் கம்பெனி அவங்களைப் பாட்டு எழுத ஒப்பந்தம் பண்ணியிருந்தது. அந்தக் கம்பெனி அதுவரைக்கும் எடுத்ததிலேயே சின்ன வயசு எழுத்தாளர் இவங்கதான். காலையில் ஸ்கூல், சாயங்காலம் அம்மா காரில் கொண்டுவந்து விடுவாங்க, பெரியவங்களோட உட்கார்ந்து பாட்டு எழுதணும்.

நாஷ்வில்லில் பாட்டு எழுதுறது ஆபீஸ் வேலை மாதிரி. மீட்டிங் போடுற மாதிரி நேரம் குறிச்சு, ரெண்டு மூணு பேர் ஒரு ரூமில் உட்கார்ந்து, சாயங்காலத்துக்குள்ள ஒரு பாட்டோட எழுந்திருப்பாங்க. டெய்லருக்கு அப்படி அமைஞ்ச துணை லிஸ் ரோஸ். வயசில் ரொம்பப் பெரியவங்க. ஸ்கூல் முடிஞ்சதும் செவ்வாய்க்கிழமைகளில் ரெண்டு பேரும் சந்திப்பாங்க. பொண்ணு அன்னைக்கு ஸ்கூல்ல நடந்த கதையைக் கொட்டும். லிஸ் ரோஸ் அதில் எந்த வரி நிக்கணும், எது போகணும்னு பார்ப்பாங்க. தான் செஞ்சது பெரும்பாலும் எடிட்டர் வேலைதான்னு அவங்களே பின்னாடி சொல்லியிருக்காங்க. ஆல்பத்தின் பதினோரு பாட்டில் ஏழில் லிஸ் ரோஸ் பேர் இருக்கு. மூணு பாட்டு டெய்லர் தனியாக எழுதினது.

முதல் சிங்கிள் "டிம் மெக்ரா". அதோட பொறி ஒன்பதாம் வகுப்புக் கணக்கு கிளாஸில் வந்தது. அப்போ பழகின பையன் சீனியர், வருஷக் கடைசியில் காலேஜுக்குப் போயிடுவான், பிரிவு நிச்சயம். பிரிஞ்ச பிறகு அவனுக்குத் தன்னை எது ஞாபகப்படுத்தும்னு யோசிச்சா, ரெண்டு பேருக்கும் பிடிச்ச பாடகர் டிம் மெக்ராவோட ஒரு பாட்டு. இன்னும் நடக்காத பிரிவை நடந்து முடிஞ்ச மாதிரி திரும்பிப் பார்த்து எழுதினாங்க. யாருன்னே தெரியாத ஒரு புதுப்பொண்ணு, தன் முதல் பாட்டுக்கு ஒரு பெரிய ஸ்டாரோட பேரை வைக்குது பாருங்க. கணக்கு கிளாஸ் வீண் போகலை.

அடுத்து லேபிள். நாஷ்வில்லில் ப்ளூபேர்ட் கஃபேன்னு ஒரு சின்ன இடம். கூட்டம் நூறைத் தொடாது. பாட்டு ஓடும்போது பேசினால் "ஷ்ஷ்" தான். அங்கே இவங்க கிட்டாரோட உட்கார்ந்து பாடினதைக் கேட்டவர்களில் ஒருத்தர் ஸ்காட் போர்செட்டா. பெரிய கம்பெனியில் இருந்து விலகி, பிக் மெஷின் என்று தனி லேபிள் தொடங்குற திட்டத்தில் இருந்தார். கம்பெனி இன்னும் முழுசா உருவாகலை. ஆனா உன் பாட்டை நீயே எழுதலாம், காத்திருக்க வேண்டாம்னு சொன்னார். டெய்லர் சேர்ந்தாங்க. அவங்க அப்பாவும் அந்தக் கம்பெனியில் ஒரு சின்னப் பங்கு வாங்கினார். கையெழுத்து போடும்போது பொண்ணுக்கு வயசு பதினஞ்சு. அந்தக் கையெழுத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க, கடைசியில் வருவேன்.

இப்போ எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி, ரெக்கார்டிங். பப்ளிஷிங் கம்பெனியின் பின்பக்கம் ஒரு கொட்டகை மாதிரி சின்ன இடம். அங்கேதான் டெய்லர் டெமோ பதிவு பண்ணிக்கிட்டு இருந்தாங்க. டெமோன்னா விற்பனைக்கு இல்லாத மாதிரிப் பதிவு, பாட்டு எப்படி இருக்கும்னு காட்டுறதுக்கு. அதைப் பண்ணிக் கொடுத்தவர் நேதன் சாப்மன். கிட்டார், பேஞ்சோ, பேஸ்னு பலதும் தானே வாசிப்பார். ஆனா கடைக்கு வர்ற ஒரு முழு ஆல்பத்தை அதுவரை தயாரிச்சதே இல்லை. அதனால் ஆல்பம்னு வந்ததும், பேர் வாங்கின தயாரிப்பாளர்கள் சிலரோட பதிவு பண்ணிப் பார்த்தாங்க. சத்தம் பெருசா, சுத்தமா இருந்திருக்கும். ஆனா டெய்லருக்கு ஒட்டலை. கொட்டகையில் கேட்டது அதில் இல்லை. சாப்மன்தான் வேணும்னு பிடிவாதமா நின்னாங்க, போர்செட்டாவும் ஒத்துக்கிட்டார். கிட்டத்தட்ட முழு ஆல்பமும் சாப்மன் கையில் வந்தது. ஒரே ஒரு பாட்டில் மட்டும் ராபர்ட் எல்லிஸ் ஓரால் சேர்ந்துக்கிட்டார். 2005 கடைசியில் நாலு மாசம் பதிவு நடந்தது.

இந்தப் பிடிவாதம் எனக்கு ஏன் புரியுதுன்னா, காலேஜ்ல எங்க பேண்டுக்கும் இதே கதை. ஹாஸ்டல் ரூம்ல போர்வையைக் கதவில் தொங்கவிட்டு, போனில் ஒரு பாட்டு பதிவு பண்ணினோம். அப்புறம் காசு சேர்த்து ஒரு நல்ல ஸ்டூடியோவுக்குப் போய் அதையே திரும்பப் பண்ணினோம். எல்லாம் துல்லியமா வந்தது, பாட்டு மட்டும் செத்துப்போச்சு. இன்னைக்கும் நாங்க நண்பர்களுக்கு அனுப்புறது ஃபேன் சத்தத்தோட இருக்கிற அந்தப் போன் பதிவைத்தான்.

நாஷ்வில் ஸ்டூடியோக்களில் ஒரு அருமையான பழக்கம் இருக்கு, அதைச் சொல்லாம நகர மாட்டேன். அங்கே வாசிக்கிறவங்க முன்னாடி இருக்கிற தாளில் ஸ்வரக்குறிப்பு இருக்காது, எண்கள்தான் இருக்கும். 1, 4, 5, 6 இப்படி. ஒரு ஸ்கேலின் முதல் ஸ்வரத்தில் பிறக்கிற கார்ட் 1, நாலாவதில் பிறப்பது 4. ஜி ஸ்கேல்னா 1 என்பது ஜி, 4 என்பது சி, 5 என்பது டி. பாடுறவங்களுக்குத் தொண்டை எட்டலையா? "ஏ-ல வாசிங்க"ன்னு ஒரு வார்த்தை, அவ்வளவுதான். தாள் அப்படியே இருக்கும், 1 இப்போ ஏ ஆயிடும். நம்ம ஊர்ல பாட்டு கத்துக்கிட்டவங்களுக்கு இது உடனே புரியும். சுருதியை எங்கே வெச்சாலும் ஸா ஸாதானே! 1950களின் கடைசியில், எல்விஸுக்குப் பின்பாட்டு பாடின ஜோர்டனேர்ஸ் குழுவின் நீல் மேத்யூஸ் ஆரம்பிச்சு வெச்ச முறை இது. மூணு மணி நேர செஷனில் பல பாட்டை முடிக்கிற வேகம் அந்த ஊருக்கு வந்ததில் இதுக்குப் பெரிய பங்கு உண்டு.

சரி, இந்த ஆல்பம் கன்ட்ரியா, பாப்பா? வாத்தியம் கன்ட்ரி: பேஞ்சோ, ஃபிடில், ஸ்டீல் கிட்டார். உச்சரிப்பும் தென்மாநில இழுவை, பென்சில்வேனியாப் பொண்ணுக்கு அது எங்கிருந்து வந்ததுன்னு நிறைய பேர் கேட்டிருக்காங்க. ஆனா கோரஸ் கட்டப்பட்ட விதம் பாப். ஒரு தடவை கேட்டா அடுத்த தடவை நீங்க கூடப் பாடுவீங்க. "டியர்ட்ராப்ஸ் ஆன் மை கிட்டார்" பாட்டைப் பிறகு பாப் ரேடியோவுக்காகத் தனியாக மிக்ஸ் பண்ணினாங்க. கன்ட்ரி வாசனையைக் குறைச்சதும் பாட்டு அங்கேயும் நின்னது, பில்போர்ட் ஹாட் 100இல் 13ஆம் இடம் வரைக்கும் போச்சு.

எல்லாமே அழகுன்னு சொல்ல மாட்டேன். "பிக்சர் டு பர்ன்" பாட்டில் முன்னாள் காதலனைக் கேலி பண்ண, தன்பாலின ஈர்ப்பை ஒரு வசவு மாதிரி பயன்படுத்தின வரி இருந்தது. ரேடியோவுக்குப் போகும்போது அதை மாத்திட்டாங்க. மாத்தினது நல்லது. சில பாட்டுகளில் மற்ற பெண்கள் மேல இருக்கிற பொறாமையும் இன்னைக்குக் கேட்க நெருடும். பதினஞ்சு வயசில் எழுதினதை அப்படியே பதிவு பண்ணினா அந்த வயசோட கோணலும் சேர்ந்துதான் பதிவாகும்.

2006 ஜூனில் "டிம் மெக்ரா" வந்தது, அக்டோபர் 24 அன்று ஆல்பம். சிங்கிள் சிடிக்களை ரேடியோ நிலையங்களுக்கு அனுப்பக் கவரில் போடுற வேலையில் பாடகியே உட்கார்ந்தாங்க. அம்மாவோட ஊர் ஊரா நிலையங்களுக்கு நேரில் போனாங்க. ராத்திரி மைஸ்பேஸில் ரசிகர்களுக்குப் பதில். சிடி அட்டையில் அச்சான பாடல் வரிகளில் அங்கங்கே பெரிய எழுத்துகளைப் போட்டு ரகசியச் செய்தி ஒளிச்சு வெச்சாங்க. இன்னைக்கு ரசிகர்கள் போஸ்டரில் நகப்பூச்சு நிறத்தை எண்ணிக்கிட்டு இருக்கிறதுக்கு ஆரம்பம் அங்கேதான். முதல் வாரம் பில்போர்ட் 200இல் 19ஆம் இடம். ஆனா இறங்கவே இல்லை. 2008 ஆரம்பத்தில் 5ஆம் இடம் வரை ஏறியது, 150 வாரத்துக்கு மேல பட்டியலில் இருந்தது. ஸ்கூல் நிகழ்ச்சிக்காகத் தனியா எழுதின "அவர் சாங்" கன்ட்ரி பட்டியலில் ஆறு வாரம் முதலிடம்.

இப்போ அந்தக் கையெழுத்து. ஒரு பாட்டில் ரெண்டு சொத்து இருக்கு. ஒண்ணு, பாட்டு: வரியும் மெட்டும். இன்னொண்ணு, அந்தப் பாட்டின் ஒலிப்பதிவு, அதாவது மாஸ்டர். பாட்டு எழுதினவங்க உரிமை டெய்லர்கிட்ட இருந்தது. மாஸ்டர் லேபிளோடது. புதுசா வர்ற பாடகர்களுக்கு அன்னைக்கு அதுதான் வழக்கமான ஒப்பந்தம். 2019இல் போர்செட்டா கம்பெனியை ஸ்கூட்டர் ப்ரான் தரப்புக்கு வித்தார். கொட்டகையில் இருந்து கிளம்பி வந்த அந்தக் குரலும் மூட்டையோட மூட்டையா கைமாறியது. அடுத்த வருஷமே ஷாம்ராக் என்கிற முதலீட்டு நிறுவனத்துக்குத் திரும்பவும் விற்பனை.

அப்போதான் பழைய ஆல்பங்களைத் திரும்பப் பாடிப் பதிவு பண்ண ஆரம்பிச்சாங்க. பாட்டு அவங்களோடது, அதனால் புது ஒலிப்பதிவு செய்ய முடிஞ்சது. 2021இல் இருந்து 2023க்குள் நாலு ஆல்பம் அப்படி வந்தது. முதல் ஆல்பம் மட்டும் வரலை. 2025 மே மாசம் ஷாம்ராக்கிடமிருந்து ஆறு ஆல்பங்களின் மாஸ்டரையும் அவங்களே வாங்கிட்டாங்க. அதை அறிவிச்ச கடிதத்தில்தான் தெரிஞ்சது: முதல் ஆல்பத்தை ஏற்கெனவே முழுசாகத் திரும்பப் பதிவு பண்ணி வெச்சிருக்காங்க, இன்னும் வெளியிடலை.

முப்பது தாண்டின குரலில் அந்தப் பதினோரு பாட்டு எப்படி இருக்கும்னு கேட்க எனக்கும் ஆசைதான். அதுவரைக்கும் பழசையே போடுங்க. கடைசிப் பாட்டு "அவர் சாங்"ல இருந்து ஆரம்பிங்க, ஹெட்போன் மாட்டிக்கிட்டு. பேஞ்சோ வந்தா ஸ்கிப் பண்ணாதீங்க.