குதிரையின் பூர்வீகமும் எலும்பின் சாட்சியமும்

1781-ஆம் ஆண்டு செப்டம்பர் 27-ஆம் தேதி, சோளிங்கருக்கு அருகே ஹைதர் அலியின் சேனைக்கும் சர் அயர் கூட் தலைமையில் வந்த கும்பினிப் படைக்கும் மூண்ட யுத்தத்தில், மைசூர்க் குதிரைப்படை பீரங்கிகளின் எதிரே பாய்ந்து பெருஞ்சேதம் அடைந்தது. அன்று மடிந்த புரவிகளின் முன்னோர் எந்தப் புல்வெளியில் மேய்ந்தனர், மனிதன் முதன்முதல் எங்கே அவற்றைத் தனக்கு வசப்படுத்தினான் என்னும் வினாக்களுக்கு, புதையுண்ட எலும்பினின்றும் பிரித்தெடுக்கப்படும் டி.என்.ஏ. இன்று விடை கூற முற்பட்டிருக்கிறது.

கஜகஸ்தானத்திலுள்ள பொட்டாய் என்னும் ஊரில், சுமார் 5,500 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மக்கள் குதிரையையே ஜீவாதாரமாகக் கொண்டிருந்தனர். அங்கே கிடைத்த பட்டிகளின் சின்னங்களையும், மட்பாண்டத்தில் ஒட்டியிருந்த பாற்கொழுப்பையும், கடிவாளத் தேய்வு என்று கருதப்பட்ட பல் அடையாளத்தையும் கண்ட அறிஞர், உலகத்துக் குதிரைகளுக்கெல்லாம் பிறப்பிடம் இதுவே என்று எண்ணினர். ஆனால் 2018-இல் வெளிவந்த ஆராய்ச்சி அந்த எண்ணத்தைக் கலைத்தது: இன்றைய வளர்ப்புக் குதிரைகள் பொட்டாய்ச் சந்ததி அல்ல, அதன் வாரிசு, காட்டுக்குதிரை என்று நாம் போற்றிவந்த பிரஷ்வால்ஸ்கி இனமே.

இவ்விடத்தில்தான் வியாக்கியானத்தின் சிக்கல் தொடங்குகிறது. பொட்டாய்க் குதிரை வளர்க்கப்பட்டதாயின், பிரஷ்வால்ஸ்கி என்பது பட்டியினின்று தப்பிக் காடேறிய இனம். வேட்டையாடப்பட்டது மட்டுமே எனின், அது என்றும் காட்டிலேயே இருந்த இனம். உறவை உரைக்கும் டி.என்.ஏ. இவ்விரண்டில் எது உண்மை என்பதைத் தானாக உரைப்பதில்லை. பல் தேய்வு கடிவாளத்தால் வந்ததன்று, இயற்கையாகவும் ஏற்படக்கூடியதே என்று 2021-இல் எழுந்த ஆட்சேபம் வழக்கை மீண்டும் திறந்தது. 2024-இல் மரபணு ஆய்வாளர் லுடோவிக் ஓர்லாண்டோ குழுவினர், ஒரு தலைமுறைக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி பொட்டாயில் குறுகியிருந்ததை மரபணுவிலிருந்தே கணித்து, மனிதன் அங்கே இனப்பெருக்கத்தைத் தன் விருப்பப்படி நடத்தினான் என்னும் கட்சிக்கு வலுவூட்டினர்.

வளர்ப்புக் குதிரையின் தாய்நாடு, 273 புராதனக் குதிரைகளின் மரபணுத் தொகுதியை ஆராய்ந்த 2021-ஆம் ஆண்டுக் கட்டுரையின்படி, வோல்கா, டான் நதிகளின் தாழ்நிலப் பிரதேசம். கி.மு. 2200-ஐ ஒட்டி அவ்வினம் திடீரென்று யூரேசியா எங்கும் பரவி, பிற வம்சங்களைப் பெரும்பாலும் அகற்றிவிட்டது. முதுகின் உறுதியோடும் சாந்த சுபாவத்தோடும் தொடர்புடையவையென்று கருதப்படும் இரு மரபணுக்கள் அதில் தெரிந்தெடுக்கப்பட்டிருப்பது, சுமக்கவும் இழுக்கவும் ஏற்ற பிராணியை மனிதன் விரும்பித் தேர்ந்ததைக் காட்டுகிறது. பரவிய காலம் வேறு, பழக்கிய காலம் வேறு என்பதை நம் பத்திரிகைகள் அடிக்கடி மறந்துவிடுகின்றன. இது பெரும் பிழை.

நம் நாட்டு நிலைமை இதனினும் கடினம். உப்பிடாத பச்சைத் தோல் நம் வெயிலில் எவ்வளவு விரைவில் கெடும் என்பதை ஆம்பூர், ராணிப்பேட்டைத் தோல் தொழிலாளர் நன்கறிவர், உஷ்ணத்தில் டி.என்.ஏ.யும் அவ்வாறே சிதைந்து துண்டு துண்டாகிறது. சிந்துவெளி ஊராகிய ராக்கிகடியில் அறுபதுக்கு மேற்பட்ட மனித எலும்பு மாதிரிகளைச் சோதித்தும், 2019-இல் வெளியான ஆய்வுக்குப் பயன்பட்ட மரபணுத் தொகுதி ஒரு பெண்ணிடமிருந்தே கிடைத்தது. அகப்படும் துண்டுகளும், நுனிகளில் சைட்டோசின் தைமினைப்போல் வாசிக்கப்படும் தனிச்சிதைவைக் காட்டினால்தான், தோண்டியவர் கைபட்டுக் கலந்த புதிய டி.என்.ஏ. அல்ல, பழையதே என்று நம்ப இயலும்.

கச்சிலுள்ள மற்றொரு சிந்துவெளி ஊராகிய சுர்கோட்டடாவில் 1971–72-இல் ஜே.பி. ஜோஷி அகழ்ந்தெடுத்த எலும்புகளை, ஹங்கேரிய அறிஞர் சாண்டோர் போக்கோனி 1990-களில் மெய்க்குதிரை என்றார். தொல்விலங்கியல் அறிஞர் ரிச்சர்ட் மெடோவும் அஜிதா படேலும் அதனை ஏற்கவில்லை. கச்சு, காட்டுக்கழுதையின் வாசஸ்தலமாதலால், எலும்பின் உருவத்தை மட்டும் கொண்டு நிச்சயிப்பது அரிது. நாளை அவற்றுள் ஒரு பல்லோ செவியெலும்போ டி.என்.ஏ. தந்து குதிரை என்றே நிரூபித்தாலும், அந்த மாதிரியையே கரிமக் காலக்கணிப்புக்கு உட்படுத்தியாக வேண்டும். அதன் பின்னும், அக்குதிரைமேல் எவரேனும் ஏறினாரா, வண்டியில் பூட்டினாரா என்பதைக் கடிவாளமும் சக்கரமும் மண்ணும் கூறவேண்டியிருக்கும்.