பிறமொழிப் பயிற்சியும் பரந்த நோக்கும்

தொழிலின் பொருட்டுத் தமிழ்நாட்டை விட்டு வந்து டில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறியிருக்கும் நம்மவரிடையே ஒரு கவலை நெடுநாளாக உண்டு. பிள்ளைகள் பள்ளியில் ஹிந்தியோ மராத்தியோ வங்காளியோ பயில்கின்றனர். அதனால் வீட்டுத் தமிழ் தேய்ந்துவிடுமோ என்பதே அக்கவலை. வேறு சிலரோ, மதிப்பெண்ணுக்கு வேண்டிய அளவு அம்மொழியைப் படித்தால் போதும் என்பர். இவ்விரு எண்ணங்களும் பிள்ளைகளுக்குக் கிட்டக்கூடிய ஒரு செல்வத்தை மறைத்துவிடுகின்றன. அஃது யாது என்பதைச் சில எடுத்துக்காட்டுகளால் விளக்க முயல்வோம்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நாங்கள் அடிக்கடி சந்திக்கும் ஒரு சிறு சொல்லிலிருந்து தொடங்கலாம். ‘நேற்று’ என்பதற்கும் ‘நாளை’ என்பதற்கும் ஹிந்தியில் ‘கல்’ என்னும் ஒரே சொல்தான் வழங்குகிறது. இதைக் கேட்கும் தமிழ்ச் சிறுவன் முதலில் நகைப்பான். ஆயினும், வினைச்சொல்லே காலத்தைக் காட்டிவிடுவதால் ஹிந்தி பேசுவோர் தடுமாறுவதில்லை. மற்றொன்று: ஹிந்தியில் ரொட்டி பெண்பால், வீட்டைக் குறிக்கும் ‘மகான்’ ஆண்பால். நாமோ உயர்திணைக்கு மட்டுமே ஆண், பெண் என்னும் பால் வேறுபாடு கூறுகிறோம். வங்காளியில் ‘ஷே’ என்னும் சொல் அவனையும் குறிக்கும், அவளையும் குறிக்கும். மூன்று மொழிகள் உலகை மூன்று வகையாகப் பகுக்கின்றன. மூன்றிலும் மக்கள் குறைவின்றி வாழ்கின்றனர். நமக்கு இன்றியமையாததாகத் தோன்றும் ஒன்று பிறர்க்கும் அவ்வாறு இருக்க வேண்டுவதில்லை என்பதை மாணவன் இங்கே உணர்கிறான்.

சொற்களுக்குப் பின்னால் வாழ்க்கை முறையும் நிற்கிறது. தாயுடன் பிறந்தவர், அத்தையின் கணவர், மனைவியின் தந்தை ஆகிய மூவரையும் நாம் ‘மாமா’ என்றே அழைக்கிறோம். ஹிந்தியில் இவர்கள் முறையே மாமா, ஃபூஃபா, ஸஸுர் எனப்படுவர். மாமன் மகளை மணப்பது நம்மிடையே வழக்கமாக இருந்தமையால் மூவரும் ஒரே வரிசையில் அமைந்தனர். வடபுலத்தில் பெரும்பாலான குடும்பங்களில் மாமன் மகள் உடன்பிறந்தாளுக்கு ஒப்பானவள். அவளை மணப்பதைச் செவியாற் கேட்கவும் கூசுவர். 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் இத்தகைய மணத்தை விலக்கிவிட்டு, வழக்கம் இடந்தந்தால் கொள்ளலாம் என்று விதிவிலக்கும் அளித்தது. இப்போது நம்மிடையே இவ்வழக்கம் குறைந்து வருகிறது. சொல் மட்டும் பழைய முறைக்குச் சான்றாக நிற்கிறது. பள்ளித் தோழன் ஒருவன் இதைக் குறித்து ஏளனமாகப் பேசினால், நம் பிள்ளை நாணவும் வேண்டாம், சினக்கவும் வேண்டாம். இரு சமூகங்களும் உறவை எவ்வாறு வகுத்தன என்பதை அவன் அமைதியாக எடுத்துரைக்கலாம்.

வேற்றுமைகளைக் கண்டவனுக்கு ஒற்றுமையும் புலப்படும். நீலகிரியில் தங்கித் தோடர், கோத்தர் மொழிகளை ஆராய்ந்த கலிபோர்னியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எமனோ, இந்திய மொழிகள் வெவ்வேறு குடும்பத்தைச் சார்ந்தனவாயினும் நெடுங்காலம் கலந்து பழகியதால் பொதுப் பண்புகள் பலவற்றைப் பெற்றன என்பதை 1956-இல் ஒரு கட்டுரையில் விளக்கினார். இதற்குச் சான்றுகள் நம் அன்றாடப் பேச்சிலேயே உள. ‘எனக்குப் பசிக்கிறது’ என்று நாம் கூறுவது போலவே ஹிந்தியாரும் மராத்தியரும் ‘எனக்கு’ என்றே தொடங்குகின்றனர். நாம் ‘காப்பி கீப்பி’ என்றால் அவர்கள் ‘சாய் வாய்’ என்பர். வங்காளியர் ‘சா டா’ என்பர்.

இவற்றை நம் பிள்ளைகள் காண வேண்டுமாயின், தமிழையும் செம்மையாக அறிந்திருத்தல் வேண்டும். ஒப்பு நோக்க ஒரு மொழி கையில் இல்லாதவனுக்கு மற்றொன்றின் தனித்தன்மை தெரியாது. எனவே, வீட்டில் தமிழ் எழுத்தைக் கற்பித்தலே பிறமொழிப் பயிற்சிக்கும் துணையாகும். வாரம் ஒரு முறை, பள்ளிப் பாடத்திலிருந்து பத்து வரிகளைத் தமிழாக்கித் தரும்படி பிள்ளையைக் கேட்போம். எழுதுகோல் எவ்விடத்தில் தயங்கி நிற்கிறதோ அவ்விடத்தைப் பற்றி அவனோடு உரையாடுவோம். அவனிடமிருந்து அவ்வூர் மொழியை நாமும் சிறிது கற்றுக்கொள்வோம்.

இறுதியாக ஒன்று. ‘நாம்’ என்றால் கேட்போரையும் உளப்படுத்தும். ‘நாங்கள்’ என்றால் விலக்கும். ஹிந்தியில் இரண்டிற்கும் ‘ஹம்’ ஒன்றே. மராத்தியிலோ ‘ஆபண்’, ‘ஆம்ஹீ’ என்றும், குஜராத்தியில் ‘ஆபணே’, ‘அமே’ என்றும் நம்முடையதைப் போலவே இரண்டு சொற்கள் உள. அண்டை வீட்டாரோடு பேசுகையில் எதைச் சொல்வது என்று நம் பிள்ளைகள் நாள்தோறும் தேர்ந்தெடுக்க வேண்டியவர்களாக இருக்கின்றனர். அவ்வூர் மொழியை விரும்பிக் கற்ற பிள்ளைக்கு ‘நாம்’ என்னும் சொல் எளிதில் நாவில் வரும்.