உங்களுக்குத் தெரியுமா? கைக்கேற்ற சுருதி

கனடாப் பாடகி ஜோனி மிட்செலின் கிட்டார் இசை தனித்து ஒலிக்க போலியோவும் ஒரு காரணம்! 9 வயதில் தாக்கிய நோய் இடக்கையைப் பலவீனமாக்கியது. வழக்கமான பிடிகளுக்கு விரல்கள் ஒத்துழைக்கவில்லை. கையைப் பழக்குவதற்குப் பதில் கம்பிகளையே தன் வசதிக்கு மாற்றிச் சுருதி கூட்டினார். இப்படி 50-க்கும் மேற்பட்ட அமைப்புகள்!

• மிட்செல் ஓவியரும்கூட. கால்கரி ஓவியக் கல்லூரியில் சேர்ந்தார், ஓராண்டிலேயே விட்டார். தூரிகையை மட்டும் விடவில்லை.

• 1968-ல் வந்த முதல் ஆல்பத்தின் உறைக்கு அவரே படம் வரைந்தார். அடுத்த ஆண்டு 'கிளவுட்ஸ்' உறையில், கையில் சிவப்பு அல்லியோடு அவரே தீட்டிய சுய ஓவியம்.

• 'டர்புலன்ட் இண்டிகோ' (1994) உறையில் காதில் கட்டுப்போட்ட ஓவியர் வான்கோவாகத் தன்னையே வரைந்தார். குறும்புதான்! ஆல்பத்துக்கு ஒரு கிராமி, உறை வடிவமைப்புக்கு இன்னொன்று.